கம்பியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடி செக்காலையில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. இரண்டு பிக்கப் (கம்பியின் அசைவைச் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) உள்ள ஜாஸ் பேஸ் மாடல் கிட்டார் வைத்திருக்கிறேன். ஆம்ப்பைப் போட்டதுமே 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கம்பியில் கை வைத்தால் பாதிக்கு மேல் குறைகிறது, எடுத்தால் திரும்ப வந்துவிடுகிறது. இதே கிட்டார் நண்பன் வீட்டில் இவ்வளவு சத்தம் போடுவதில்லை. இரைச்சல் வராத பிக்கப் மாற்று, எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்றால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகிற எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது, கேபிள் செருகும் ஜாக்கில் ஒயர் இடம் மாறவும் இல்லை. தொட்டால் கூடுகிறது என்று எழுதியிருந்தால் முதலில் ஜாக்கைத்தான் திறக்கச் சொல்லியிருப்பேன். நம் உடம்பு வீட்டு ஒயரிங்கில் இருந்து வருகிற இரைச்சலை வாங்கிக் கொண்டுபோய்க் கிட்டாருக்குப் பக்கத்தில் வைக்கிறது, கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் அது அடங்குகிறது. அண்ணன் தம்பி மாதிரி இரண்டு விதமான இரைச்சல் இங்கே கலந்து வருகிறது, அதைப் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்தால் வீண்.

முதலில் ஒரு சோதனை. இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்து கேளுங்கள், அப்புறம் ஒன்றை மட்டும் பாதிக்குக் குறையுங்கள். இரண்டும் முழுசாக இருக்கும்போது சத்தம் நன்றாகக் குறைந்து, ஒன்றைக் குறைத்ததும் கூடுகிறதா? அப்படியென்றால் உங்கள் பிக்கப் இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சுற்றியவை, ஒன்று வாங்கும் இரைச்சலை மற்றது கழித்துவிடுகிறது. பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் இப்படித்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றாலே கொஞ்சம் ஹம், அதாவது அந்த 'ம்ம்ம்' இரைச்சல், இருக்கும், அது பழுது இல்லை. பிரசிஷன் பேஸ் என்ற இன்னொரு மாடலில் 1957ல் இரண்டு துண்டாகப் பிரித்த பிக்கப் வந்தது, அதில் ஒரே வால்யூமிலேயே இந்தக் கழித்தல் நடந்துவிடும், அதனால்தான் அந்த மாடல் வைத்திருப்பவர்கள் இந்தப் புகாரோடு வருவது குறைவு.

இரண்டாவது சோதனை: கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் ஹம் காணாமல் போய், இன்னொரு திசையில் உச்சத்துக்குப் போனால் அது காந்தப் புலம். ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர், பழைய டியூப்லைட் சோக், இன்வெர்ட்டர் இவற்றில் ஏதாவது பக்கத்தில் இருக்கும். இதற்குக் கிட்டாருக்குள் ஒட்டுகிற எந்த ஃபாயிலும் உதவாது. நான்கு அடி தள்ளி உட்காருங்கள், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்ர்ர்' என்று கரகரப்பாக வந்தால், கம்பியைத் தொட்டதும் அடங்கினால், அது மறைப்பு போதாமல் வருவது. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இந்தக் கரகரப்புக்குப் பெரிய காரணம். ஃபேனை நிறுத்திப் பாருங்கள், அல்லது முழு வேகத்தில் வையுங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

சரி, வீட்டுக்கு வருவோம், நண்பன் வீட்டில் குறைவாக இருக்கிறது என்று சொன்னதால் இதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒயரிங் போட்ட காலத்தில் பல அறைகளுக்கு எர்த் ஒயரே இழுக்கவில்லை. பிற்பாடு மூன்று துளை பிளக் பாயிண்ட் மாற்றியிருப்பார்கள், ஆனால் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இன்னும் மோசமாக, நியூட்ரலில் இருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த்துக்கு லூப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இது இரைச்சலை விடப் பெரிய விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஆம்ப்பின் இரும்புப் பெட்டி, கேபிள், உங்கள் கிட்டார் கம்பி எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நீங்கள் வாசிக்கிற அறையின் பாயிண்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள், எட்டாயிரத்தில் ஒரு பகுதி அங்கே போனால் அதுதான் நல்ல செலவு.

எர்த் குழி இருந்தாலும் அது வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. நம் செம்மண் சித்திரை வைகாசியில் பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கும், காய்ந்த மண் மின்சாரத்தை உள்ளே வாங்காது. கரியும் உப்பும் போட்டு மூடிய குழிக்குக் கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள் விட்டுவைத்த பழக்கம், அதை நிறுத்திவிட வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஹம் போகிறது என்று யாராவது ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொன்னால், இரண்டு பின் அடாப்டர் போடச் சொன்னால், கேட்காதீர்கள். ஹம் போகும், பாதுகாப்பும் கூடவே போகும்.

இதெல்லாம் ஆன பிறகும் கரகரப்பு மிச்சம் இருந்தால் செம்பு ஃபாயில் டேப் ஒட்டுங்கள். பசையும் மின்சாரம் கடத்துகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நிற்கும், சந்திப்புகளில் ஒவ்வொரு சொட்டு ஈயம் வைக்க வேண்டிவரும். கன்ட்ரோல் குழி, இரண்டு பிக்கப் குழி, மூடுகிற தகட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் ஒட்டி, மல்ட்டிமீட்டரில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 'பீப்' வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக அந்தச் செம்பில் இருந்து ஒரு ஒயரை வால்யூம் பாட்டின் (திருகாணிக்கு அடியில் உள்ள பாகம்) முதுகில் பற்றவைக்க வேண்டும், இதை மறந்தால் ஒட்டியது வெறும் அலங்காரம். ஜாக்கின் முனையும் சிக்னல் ஓடுகிற கால்களும் செம்பில் படாமல் இன்சுலேஷன் டேப் போடுங்கள், பட்டால் சத்தமே வராது. சமையலறை அலுமினிய ஃபாயில் வேண்டாம், அதில் ஈயம் ஒட்டாது.

கேள்வி: புதுவயலில் இருந்து எழுதுகிறேன். என் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் கெட்டுப்போய் வேறு கம்பெனி பிக்கப் வாங்கி நானே சால்டர் செய்தேன். தனித்தனியாக இரண்டும் அருமை. இரண்டையும் முழுசாகத் திறந்தால் அடிச்சத்தமே இல்லாமல் தகர டப்பா மாதிரி வருகிறது. பிக்கப் போலியா?

பதில்: போலி இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. ஒரு பிக்கப் கம்பியின் அசைவுக்கு 'மேலே' என்று சொல்லும் அதே நொடியில் மற்றது 'கீழே' என்கிறது, அடிச்சுரத்தில் இரண்டும் கழிந்து மேல்சத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

கிட்டாரைத் திறக்காமலே இதை உறுதிப்படுத்தலாம். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியில் மல்ட்டிமீட்டரின் சிவப்பு, உடம்பில் கறுப்பு வையுங்கள். மீட்டரை 20 கிலோ ஓமில் விடுங்கள். கழுத்துப் பக்கத்து வால்யூம் முழுசு, மற்றது பூஜ்யம். ஏழு எட்டு கிலோ ஓம் காட்டும், அது சாதாரணம். இப்போது ஒரு இரும்பு ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்பின் காந்தத் துண்டுகள் மேல் படுக்க வைத்து, சட்டென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும், எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வால்யூமை மாற்றி மற்றப் பிக்கப்புக்கும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் விஷயம் முடிந்தது, புதுப் பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். பழைய டயல் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, முள் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, பிக்கப்பின் இரும்பு மூடியோ அடித்தகடோ எர்த் ஒயரோடு சேர்ந்திருந்தால் அதைப் பிரிக்காமல் இடம் மாற்றக் கூடாது, அப்போது மற்றப் பிக்கப்பின் ஒயரை மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டும் முழுசாக இருக்கும்போது ஹம் கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் நல்ல சேதி, ஒயரை மாற்றியதும் சத்தம் திரும்பிவரும், ஹம்மும் போய்விடும். இப்போது ஹம் இல்லாமல் சத்தம் மட்டும் மெலிந்திருந்தால், நீங்கள் வாங்கியது பழையதோடு ஜோடி சேராத பிக்கப், இரண்டின் காந்தமும் ஒரே மாதிரி. ஒயரை மாற்றினால் சத்தம் கிடைக்கும், ஹம்மும் கூட வரும். அப்படியானால் கடையில் கொடுத்து, கழுத்துப் பக்கத்துக்கு எதிர்ச் சுற்று, எதிர்க் காந்தம் உள்ளதாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சின்னத் திசைகாட்டி ஒன்றைக் காந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பிக்கப்பில் வடமுனையும் மற்றதில் தென்முனையும் திரும்ப வேண்டும்.

கேள்வி: டோன் கன்ட்ரோலில் எண்ணெயில் ஊறிய பழைய காலக் கப்பாசிட்டர் போட்டால் சத்தம் 'வின்டேஜ்' ஆகுமா? (பள்ளத்தூர் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, அந்தக் காசுக்கு ஒரு செட் நல்ல கம்பி வாங்குங்கள். டோன் சர்க்யூட்டில் வேலை செய்வது கப்பாசிட்டரின் அளவு, அதன் விலை இல்லை. 0.047 மைக்ரோஃபாரட் என்றால் மேலே 473 என்று போட்டிருக்கும், ரேடியோ ரிப்பேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இன்னும் இருட்டான சத்தம் வேண்டுமா, 104 போடுங்கள், அது 0.1. இரண்டையும் முதலைவாய்க் கிளிப் ஒயரில் தொங்கவிட்டு மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, பிடித்ததைப் பற்றவையுங்கள். பாட் வாங்கும்போது 250 கிலோ ஓம், ஏ என்று எழுதிய வகை. பி என்றால் பெரும்பாலும் சீராக ஏறுவது, அதில் வால்யூம் பூஜ்யத்துக்குப் பக்கத்துக் கொஞ்சத் திருப்பில்தான் குதிக்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் பேரன் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான் என்கிறார்கள், ஆனால் இரண்டாங்கட்டு அறையில் வாசித்தால் வீடு முழுக்கக் குமுகுமு என்று ஒரே முழக்கம், என்ன வாசிக்கிறான் என்றே புரியவில்லை. அவன் பெரிய ஆம்ப் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு ஆச்சி)

பதில்: வணக்கம் ஆச்சி. பேரன் வாசிப்பதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைப்பதே பெரிய சந்தோஷம். பெரிய ஆம்ப் இப்போது வேண்டாம். முழக்கம் ஆம்ப்பில் இல்லை, அறையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியது, தரை ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான கூரை. இவை ஒன்றும் சத்தத்தைக் குடிக்காது, அடித்துத் திருப்பி அனுப்பும். பேஸின் தடித்த கம்பியில் வருவது நொடிக்கு 41 அதிர்வு, அந்த அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். அதில் பாதி கிட்டத்தட்ட 14 அடி. அறை ஒரு பக்கம் 14 அடி இருந்தால் அந்த ஒரு சுரம் சுவருக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு வீங்கும். 10 அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அடுத்த கம்பியின் சுரம் வீங்கும். பேரனிடம் அறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், எந்தச் சுரத்தில் முழங்குகிறது என்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆம்ப்பை மூலையில் வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள், மூலை அடிச்சத்தத்தைப் பெருக்கும். தரையில் வைக்காமல் உறுதியான ஸ்டூலில், சுவரை விட்டு மூன்று நான்கு அடி தள்ளி வைக்கட்டும். ஆம்ப்பில் பேஸ் திருகாணியைக் குறைத்து, மிட் திருகாணியைக் கொஞ்சம் கூட்டினால் விரல் வைக்கும் இடம் காதுக்குத் தெளிவாகும். பரணில் இலவம்பஞ்சு மெத்தைகள் இருந்தால் எதிர்ச் சுவரில் சாய்த்து வையுங்கள், அடிமுழக்கத்தை அது முழுசாக நிறுத்தாது, ஆனால் மேலே கலந்து வரும் எதிரொலி போய்விடும். எல்லாவற்றையும் விட நல்ல இடம் வளவு. முற்றத்தைப் பார்க்க ஆம்ப்பைத் திருப்பி வைத்து வாசித்தால் மேலே கூரை இல்லாததால் முழக்கம் வானத்துக்குப் போய்விடும். மாலையில் அங்கே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் ஆச்சி, அவன் என்ன வாசிக்கிறான் என்று புரியும். ராத்திரியில் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் மெல்லிசைக் குழு வைத்திருக்கிறோம். பங்குனித் திருவிழா மேடைகளில் பேஸை நேராக மைக்செட்காரரின் மிக்சரில் செருகுகிறோம். வீட்டில் கேட்கும் சத்தம் மேடையில் வருவதே இல்லை, மந்தமாகிவிடுகிறது. இன்னொரு பேஸ் பேட்டரி போட்டது, அது நடுக் கச்சேரியில் கரகரத்து நின்றுபோகிறது.

பதில்: பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப் பலவீனமானது, அதற்கு எதிரே ஒரு மெகா ஓம் அளவுக்கு எதிர்ப்பு உள்ள வாசல் வேண்டும். மிக்சரின் லைன் வாசல் பெரும்பாலும் 10 கிலோ ஓம் சுற்றுவட்டம்தான், அதில் செருகினால் பிக்கப்பின் மேல்சத்தமும் பலமும் அங்கேயே சரிந்துவிடும். நடுவில் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வையுங்கள், கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சாரத்தில் ஓடும் சின்னப் பெட்டி அது. மிக்சரில் மைக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் இருந்தால் அதற்குத் தனி பேட்டரிகூடத் தேவைப்படாது. பேட்டரி போட்ட பேஸுக்கு மின்சாரம் வேண்டாத சாதாரண டிஐ போதும். கிட்டாரில் இருந்து டிஐ வரை கேபிள் குட்டையாக இருக்கட்டும், கேபிள் நீள நீள மேல்சத்தம் தேயும். டிஐயில் இருந்து மிக்சர் வரை எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை.

திருவிழா மேடையில் ஜெனரேட்டர், சீரியல் செட், எல்இடி லைட் எல்லாம் ஒன்றாக ஓடும். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டி உங்கள் கேபிளை இழுக்காதீர்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஹம் வந்தால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், ஆம்ப்பின் எர்த் அப்படியே இருக்கும், அதனால் பயமில்லை. கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் 'சுரீர்' என்கிறதா? பாட்டை நிறுத்துங்கள். கூட்டம் காத்திருக்கட்டும், ஜெனரேட்டரின் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள்.

பேட்டரி விஷயம்: அந்த மாதிரி பேஸில் கேபிளைச் செருகினாலே சர்க்யூட் ஆன் ஆகிவிடும், தனி சுவிட்ச் கிடையாது. மத்தியானம் சவுண்ட் செக் முடித்துச் செருகியபடியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு ராத்திரி கச்சேரிக்கு வந்தால் அத்தனை நேரமும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். பிடுங்கி வையுங்கள். 9 வோல்ட் பேட்டரியை ஆல்கலைனாக வாங்குங்கள், மேடையேறும் முன் மீட்டர் வைத்து 8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள், கொடுக்கும் காசுக்கு அந்த நிம்மதி பெரிசு.

கேள்வி: சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸ் வாசித்தால் கெட்டுப்போகுமா?

பதில்: அறைக்குள் மெதுவாக வாசித்தால் கெடாது. கூட்டினால் ஸ்பீக்கரின் கோன் தாங்கும் தூரத்துக்கு மேல் முன்னும் பின்னும் போய் அடித்துக்கொள்ளும், பிறகு கிழியும். 'பட் பட்' என்று கேட்டதும் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வருகிற மாதிரி உருண்டையான, மெத்தென்ற பேஸ் சத்தம் வேண்டும். புதுக் கம்பி போட்டால் கண்ணாடி உடைகிற மாதிரி வருகிறது. என்ன பிக்கப் வாங்குவது? (குன்றக்குடி வாசகர்)

பதில்: பிக்கப்புக்கு முன்னால் கையைப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் சத்தம் கூர்மையாகும், ஃப்ரெட் பலகை முடிகிற இடத்துக்கு நகர்ந்தால் உருண்டையாகும். வீணைக்காரர்களுக்கு இது சொல்லித்தர வேண்டாத பாடம், காரைக்குடி சகோதரர்கள் பேர் வாங்கிய மண்ணில் மீட்டும் இடத்தின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. நகம் படாமல் விரல் சதையால் மீட்டுங்கள். டோன் திருகாணியை மூன்றில் ஒரு பங்கு மட்டும் திறந்து வையுங்கள். இவ்வளவும் இலவசம்.

அப்புறம் கம்பி. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ரவுண்டுவுண்ட், மேலே சுற்றிய கம்பி உருண்டை என்பதால் விரலோடு உரசி மினுங்கும் சத்தம் தரும். உங்களுக்கு வேண்டியது ஃப்ளாட்வுண்ட், மேல்சுற்று பட்டையாக, தடவினால் வழவழப்பாக இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும், பழசாகப் பழசாக இன்னும் இனிக்கும். அறுபதுகளில் அமெரிக்காவின் மோடவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிரசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வுண்ட் போட்டு, பெரும்பாலும் ஒரே ஆள்காட்டி விரலால்தான் மீட்டினார், கம்பியை மாற்றுவதும் அவருக்குப் பிடிக்காது. வாங்கும்போது நீளம் 34 அங்குல ஸ்கேலுக்கு (கம்பி அதிரும் நீளம்) என்று கேட்டு வாங்குங்கள். காசு சேரும் வரைக்கும் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள், லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். சத்தம் 'டும்' என்று பிறந்து சீக்கிரம் அடங்கும், நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: வெயில் காலத்தில் என் கிட்டாரின் கழுத்து வளைகிறது. போன மாசம் நன்றாக இருந்தது, இப்போது கம்பி எல்லாம் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கிறது. பிளேட்டால் ஃப்ரெட்டைத் தேய்க்கலாமா? (திருப்பத்தூர்)

பதில்: தேய்க்காதீர்கள், தேய்த்த ஃப்ரெட் திரும்ப வளராது. காய்ந்த காற்றில் மரம் ஈரத்தை விட்டுக் கழுத்து பின்பக்கம் சாய்ந்திருக்கும், கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியில் சரிசெய்ய வேண்டிய விஷயம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு சந்து என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சரி. சந்தே இல்லையென்றால் ட்ரஸ் ராடை இடப்பக்கமாகத் தளர்த்த வேண்டும், சந்து அதிகம் என்றால் வலப்பக்கமாக இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது, இறுக்கமாகத் தெரிந்தால் பலம் போடாமல் விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். கால் சுற்று முடித்ததும் திரும்பச் சுருதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மொட்டைமாடி அறையிலோ கார் டிக்கியிலோ மத்தியான வெயிலில் கிட்டாரை வைக்க வேண்டாம், கீழ்க்கட்டில் நிழலான அறையில் உறைக்குள் வையுங்கள்.